களிம்பு

உக்கடத்தில் முலாம் பூசும் ஜபருல்லா
டிபன் கேரியரைத் திறந்து பார்த்தார்.
மூன்று தட்டிலும்
குமிழ்கள், கீல்கள், கொண்டிகள், ஒரு பல்சட்டம்.
"குரோம் அடிச்சிரலாம் மேடம்,
புல்லட் சைலன்சர் தோத்துப்போகும்."
வேண்டாம் என்று சொல்ல எனக்கு
ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் பிடித்தது.
கோத்தகிரி பஸ்ஸில் கேரியர் மடியில்.
குஞ்சப்பனை தாண்டியதும்
எனக்கு முன் பித்தளைக்குக் குளிர்ந்தது.

மகோகனிப் பெட்டி கேமரா.
எஸ்டேட் ஏலத்தில்
இரண்டு உடைந்த தராசுகளுக்கும்
பல் போன டைப்ரைட்டருக்கும் நடுவே கிடந்தது.
செய்தவன் கர்வி.
முன்பலகையில் எட்டுத் திருகுகள்,
தலைக்கோடு ஒவ்வொன்றும்
மர ரேகையோடு ஒரே பக்கம் படுத்திருக்கும்.
எட்டு இல்லை, ஏழு.
எட்டாவது இரும்பு.
பின்னால் வந்த எவரோ அவசரத்தில் முறுக்கியது.
மழை அதைத்தான் முதலில் மோப்பம் பிடித்தது.
சுற்றிலும் மரம்
கடுக்காய் மையாய்க் கறுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை
புளியும் சாம்பலுமாய் உட்கார்ந்தேன்.
மூலைக்கு மூலை களிம்பு, மயில்துத்தப் பச்சை.
பழைய அரக்குப் பூச்சு
வெயிலில் உரிந்த தோல்போல் கையோடு வந்தது.
தம்பி வீடியோ காலில் "தங்கமா?" என்றான்.
அடிச்சட்டத்தில் மயிரிழையாய் ஒரு கீறல்.
பக்கத்தில்
ஆணியால் இழுத்த ஓர் எழுத்து: தூ.
யாரோ கோபத்தில் துப்பியிருக்கிறார்கள்
என்று சிரித்துக்கொண்டேன்.
மூன்றாம் தேய்ப்பில் எழுத்தும் போனது, கீறலும் போனது.

கோடநாடு காட்சிமுனை.
கறுப்புத்துணிக்குள் தலையை விட்டால்
மாயாறு என் நெற்றிக்கு மேலே ஓட வேண்டும்,
தெங்குமரஹாடா வயல்கள்
கூரையில் பிடித்த பாசியாய்த் தொங்க வேண்டும்.
கண்ணாடி முழுக்க வெள்ளை.
பனி விலகுவது அரை நிமிடம்.
நான் குமிழைத் திருகித் திருகி
ஆற்றைக் கூராக்குவதற்குள்
மூடிக்கொள்கிறது.
மறுபடி.
மறுபடி.
மூன்றாம் முறை மூடியபோதுதான் உறைத்தது.
தூ. தூரம்.
கண்ணுக்கு எட்டும் கடைசிப் பொருளுக்கு
முன்பலகை எங்கே நிற்க வேண்டுமென்று
யாரோ ஒருவர்
ஒரு தெளிந்த நாளில் பார்த்துக் கீறி வைத்த இடம்.
அங்கே நிறுத்திவிட்டு
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
பனிக்காக அவர் காத்திருந்திருக்கலாம்.
நான் அதைக் குழம்புச்சட்டிபோல் விளக்கிவிட்டேன்.

"பொட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்க,
கண்ணு கூசுது" என்றாள்
சோளம் சுட்டுக்கொண்டிருந்த மாசியம்மா.
திருப்பவில்லை. பனி விலகத் தொடங்கியிருந்தது.

நான்காம் முறை ஆறு நின்றது,
நரம்புபோல் மெல்லிசாய், தலைகீழாய்.
தகட்டைச் செருகி எடுத்தேன்.
சேலையில் குத்தியிருந்த ஊக்கால்
சட்டத்தில் கோடு இழுத்தேன்.
விரல் விறைத்து, கோடு கோணல்.
எழுத்தைத் தொடங்கினேன்.
கடைசிச் சுழிக்குள் ஊக்கு வளைந்துவிட்டது.
'து' என்றே நிற்கிறது,
ஒரு மாத்திரை குறைவாக.

கழுவிய நெகட்டிவில்
ஆறு இருந்தது. வயல்கள் இருந்தன.
கீழ் ஓரத்தில் யாரும் பார்க்காத ஒரு பிறை.
சட்டத்தின் பளபளப்பு
லென்ஸுக்குள் எறிந்த வெயில்.

ஜபருல்லாவுக்குப் போன் செய்தேன்.
"பித்தளையைக் கறுப்பாக்க முடியுமா பாய்?"
லைனில் பட்டறைச் சத்தம் கொஞ்ச நேரம்.
"மலையில இருந்துக்கிட்டு
அதுக்கு எனக்கு எதுக்கும்மா காசு?"

ஆடி பிறந்து நாலு நாள்.
கேமராவை விரித்து
சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.
எட்டாவது திருகை இன்னும் மாற்றவில்லை.
ஒரு கீலின் ஓரத்தில்
கடுகளவு பச்சை.
துணியை எடுக்கப் போன கையை
ரவையைக் கிளறத் திருப்பினேன்.